தகுந்த தாள் தேர்வுக் குழு

சோலைமுத்துவுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு தாள்தான். இவர் பூ விவசாயி, இவர் குடும்பம் பூவை நம்பிப் பிழைக்கிற குடும்பம் என்று அதில் நாலு வரி அடித்து, கீழே கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்திக் கொடுத்தால் போதும். அவர் மகள் நாகஜோதிக்கு மதுரை ரோட்டில் இருந்த நர்சிங் பள்ளியில் இடம் கிடைத்திருந்தது. பூ விவசாயிகளின் பிள்ளைகளுக்கென்று அங்கே ஒரு இடம் ஒதுக்கியிருந்தார்கள். ஆடி பிறப்பதற்குள் சான்றிதழைக் கொண்டுபோய்க் கொடுக்காவிட்டால், பட்டியலில் அடுத்து இருக்கிற பிள்ளைக்கு அந்த இடம் போய்விடும்.

சான்றிதழ் கொடுக்கும் அதிகாரம் மலர் உற்பத்தியாளர் மேம்பாட்டுக் கழகத்துக்கு இருந்தது. திண்டுக்கல் மணிக்கூண்டுக்குச் சற்றுத் தள்ளி, ஒரு மாடியில் அதன் மாவட்ட அலுவலகம். கழகத்தால் மலர் உற்பத்தி மேம்பட்டதா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் கழகம் மேம்பட்டிருந்தது. ஒற்றை அறையில் தொடங்கிய அலுவலகம் அந்த இரண்டாயிரத்து இரண்டாம் ஆண்டில் மாடி முழுவதையும் பிடித்திருந்தது. அது போதாதென்று மொட்டைமாடியில் கொட்டகை போடவும் அனுமதி கேட்டிருந்தார்கள்.

காலையில் பூ மார்க்கெட்டில் சரக்கை இறக்கிவிட்டு, வேட்டியில் ஒட்டியிருந்த மல்லிகைக் காம்புகளைத் தட்டிவிட்டபடி சோலைமுத்து மாடியேறினார். கண்ணாடி அறை ஒன்றில் ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. அறைக்குள் மனிதர் யாரும் இல்லை. புதிதாக வந்த கம்ப்யூட்டரும் பிரிண்டரும்தான் குளுகுளுவென்று உட்கார்ந்திருந்தன. இரண்டுக்கும் சந்தனம், குங்குமம் வைத்து மாலை போட்டிருந்தார்கள்.

"உங்க சான்றிதழ் ரெடி," என்றார் கண்காணிப்பாளர் அறிவுச்செல்வி. "உள்ள இருக்கு."

"எதுக்குள்ளம்மா?"

"கம்ப்யூட்டருக்குள்ள."

"செத்த வெளிய எடுத்துக் குடுங்கம்மா. பஸ்சுக்கு நேரமாச்சு."

"எடுக்கிறதுக்குப் பிரிண்டர் வந்தாச்சு. அதுல போடுற தாள்தான் இன்னும் முடிவாகலை."

சோலைமுத்துவுக்கு இது பெரிய சிக்கலாகப் படவில்லை. "இம்புட்டுத்தானா? கீழதானம்மா பேப்பர் கடை இருக்கு. ஒரே ஓட்டமா ஓடி ஒண்ணு வாங்கியாரேன்."

அறிவுச்செல்வி பதறிப்போய் அக்கம்பக்கம் பார்த்தார். "மெதுவாப் பேசுங்க! மனுதாரர் அலுவலகத்துக்குத் தாள் வாங்கிக் கொடுத்தா அதுக்குப் பேர் லஞ்சம். ஒரு தாளா இருந்தாலும் சரி, ஒரு லாரியா இருந்தாலும் சரி, சட்டம் ஒண்ணுதான்."

மூலையில் டைப்ரைட்டர் ஒன்று இருந்தது. பழைய சான்றிதழ்கள் எல்லாம் அதில் அடித்தவைதான். இப்போது அதைத் துணியால் கட்டி, முடிச்சில் அரக்கு வைத்திருந்தார்கள். அதைப் பற்றிச் சோலைமுத்து வாயெடுப்பதற்குள் அவரை மாவட்ட மேலாளரின் அறைக்கு அனுப்பிவிட்டார்கள்.

மேலாளர் முத்துக்கிருஷ்ணன் நிதானமானவர். வந்தவரை உட்காரச் சொல்லிவிட்டு, தலைமையகத்து ஆணையை எடுத்துப் படித்தார். "'அச்சுப்பொறியில் தகுந்த தாளை மட்டுமே பயன்படுத்துதல் வேண்டும்.' கேட்டீர்களா? தகுந்த தாள். எது தகுந்தது என்று அவர்கள் சொல்லியிருந்தால் நாங்கள் அன்றைக்கே வாங்கியிருப்போம். சொல்லவில்லை. நாமாக ஒரு தாளை வாங்கி, அது தகாத தாள் என்று நாளைக்கு யாராவது சொன்னால் யார் பொறுப்பு? நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு பொறுப்பையும் ஏற்றதில்லை. ஓய்வுபெறப் போகிற நேரத்தில் ஒரு தாளுக்காக அந்த நல்ல பெயரைக் கெடுத்துக்கொள்ளச் சொல்கிறீர்களா?"

"ஐயோ, வேண்டாங்கய்யா," என்றார் சோலைமுத்து.

"அதனால்தான் ஒரு குழு அமைக்கிறோம். குழு முடிவெடுத்தால் பொறுப்பு எல்லாருக்கும் பிரிந்துபோகும். பிரிந்துபோன பொறுப்பை யாராலும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. அதுதான் நிர்வாகம்." மேலாளர் சோலைமுத்துவை மேலும் கீழும் பார்த்தார். "குழுவில் பயனாளி ஒருவர் இருக்க வேண்டும் என்று விதி. உங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியுமா?"

"எழுத்துக் கூட்டிப் படிப்பேன். கையெழுத்துப் போடுவேங்கய்யா."

"தாராளமாகப் போதும். மற்றவர்களுக்கும் குழுவில் அதுதான் வேலை."

உறுப்பினரானால் காரியம் சீக்கிரம் முடியும் என்று நினைத்துச் சோலைமுத்து தலையாட்டினார். அடுத்த வாரமே முதல் கூட்டம் நடந்தது. மேசைமேல் அவர் பெயரெழுதிய அட்டை இருந்தது. டீ வந்தது. கூடவே ஒரு தட்டில் முந்திரி பிஸ்கட்டும் வந்தது. தன் பெயரை அவ்வளவு பெரிய எழுத்தில் அவர் கல்யாணப் பத்திரிகையில்கூடப் பார்த்ததில்லை. கூட்டம் முடிந்ததும் அறிவுச்செல்வியிடம் போய், "அம்மா, எம்பிள்ளை சான்றிதழ்…" என்று இழுத்தார்.

"இனிமே அதைப் பத்திப் பேசவே கூடாது சார்," என்றார் அவர். முந்தைய வாரம் வரை அவர் சோலைமுத்துவைச் சார் என்று கூப்பிட்டதில்லை. "நீங்க இப்ப தேர்வுக் குழு உறுப்பினர். நீங்க தேர்ந்தெடுக்கப்போற தாள்ல உங்களுக்கே சான்றிதழ் அடிச்சுக் குடுத்தா, சொந்த ஆதாயத்துக்குப் பதவியைப் பயன்படுத்துனதா ஆயிரும். தாள் முடிவாகி, குழு கலைஞ்சு, அதுக்கப்புறம்தான் உங்க மனுவை எடுக்கலாம்."

ஆக, சோலைமுத்து தனக்கு ஒரு தாள் கிடைக்க வேண்டுமானால் ஊருக்கெல்லாம் தாள் தேர்ந்தெடுத்துக் கொடுத்தாக வேண்டும் என்று ஆகிவிட்டது.

இரண்டாவது கூட்டத்தில் அளவைப் பற்றி விவாதித்தார்கள். கடைக்காரர் மாதிரிக்காகக் கொடுத்தனுப்பிய கட்டின் மேல் 'ஏ நாலு' என்று அச்சிட்டிருந்தது. மேலாளர் அதைப் பார்த்ததும் முகம் சுளித்தார்.

"ஏ நாலு என்றால் அதற்கு மேலே ஏ மூன்று, ஏ இரண்டு, ஏ ஒன்று எல்லாம் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? நம் கழகம் ஏன் நாலாவது இடத்தில் இருக்க வேண்டும்? வேளாண்மைத் துறைக்காரர்கள் நாலில் அடிக்கட்டும். நமக்கு ஒன்று வேண்டும்."

ஏ ஒன்று தாளைத் தேடி வாங்கிவந்து விரித்தபோது அது மேசையை மூடி, மேலாளரின் மடியிலும் விழுந்தது. பிரிண்டருக்குள் அது போகாது என்று பார்த்த உடனே தெரிந்தது. பெரிய பிரிண்டர் ஒன்று வாங்க வேண்டும் என்று தலைமையகத்துக்கு எழுதினார்கள். பதில் வருகிற வரைக்கும், தன்மானத்தைச் சற்றே ஒதுக்கிவைத்து, நாலையே தற்காலிகமாக ஏற்பது என்று தீர்மானமாயிற்று.

அடுத்தது கனம். கணக்கர் ஸ்தனிஸ்லாஸ் கனத்த தாள்தான் வேண்டும் என்றார். அறிவுச்செல்வி மெல்லிய தாள் போதும் என்றார். இருவருக்கும் ஒரு மின்விசிறி விஷயமாகப் பழைய மனத்தாங்கல் உண்டு. ஒருவர் கிழக்கு என்றால் மற்றவர் மேற்கு என்பார். கட்டின் மேல் 'எண்பது' என்று கிராம் கணக்கில் போட்டிருந்தது. ஸ்தனிஸ்லாஸ் பூ மார்க்கெட்டிலிருந்து ஒரு தராசை வரவழைத்து, அதில் ஒரு தாளை வைத்தார். தட்டு அசையவே இல்லை.

"பார்த்தீங்களா மோசடியை!" என்று எழுந்து நின்றார். "எண்பது கிராம்னு போட்டிருக்கான். ஒரு முழம் பூவோட கனம்கூட இல்லை. பாக்கியை எங்க கொண்டு போனான்?"

கடைக்காரருக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் போனது. ஒரு சதுர மீட்டர் தாளின் கனம்தான் அது, ஒற்றைத் தாளின் கனம் இல்லை என்று அவர் பதில் எழுதினார். அப்படியானால் அந்த ஒரு சதுர மீட்டரை நேரில் கொண்டுவந்து காட்டும்படி இரண்டாவது நோட்டீஸ் போனது. அதன்பிறகு கழகத்தின் ஜீப் தெருமுனையில் திரும்பினாலே அவர் கடைக் கதவை இறக்கிவிடுவார்.

வெண்மையைப் பற்றி விவாதிக்கும்போதுதான் சோலைமுத்துவின் தோட்டத்துக்கே வினை வந்தது. தாள் எவ்வளவு வெள்ளையாக இருக்க வேண்டும் என்பதற்கு ஓர் அளவுகோல் வேண்டுமே என்றார் மேலாளர். மலர்க் கழகத்துக்கு மல்லிகையைவிடப் பொருத்தமான அளவுகோல் எது? உறுப்பினர் சோலைமுத்து தினமும் ஒரு கூடை மல்லிகை கொண்டுவர வேண்டும் என்று ஒருமனதாக முடிவாயிற்று. அந்த ஒருமனத்தில் சோலைமுத்துவின் மனமும் இருந்ததாகக் குறிப்பில் எழுதிக்கொண்டார்கள்.

காலையில் பூவின் பக்கத்தில் தாளை வைத்தால் தாள் மங்கலாகத் தெரிந்தது. பிற்பகலில் பூ வாடிப் பழுப்பேறியதும் அதே தாள் பளபளத்தது. காலையில் தகாத தாள் மாலையில் எப்படித் தகுந்ததாகிறது என்று குழு குழம்பிப்போனது. ஒருநாள் சோதனையை வைத்து முடிவுக்கு வர முடியாது, பூப்பருவம் முடியும் வரை பார்க்க வேண்டும் என்றார் மேலாளர். சோதனை முடிந்த பூக்கள் சாயங்காலம் ஒவ்வொரு உறுப்பினரின் பைக்குள்ளும் போயின. ஸ்தனிஸ்லாஸ் மட்டும் தன் பங்கைக் காலையிலேயே, வாடுவதற்கு முன்னால் எடுத்துக்கொண்டார். வீட்டில் அந்தோணியார் படத்துக்குப் போட வேண்டுமாம்.

வீட்டில் மனைவி ராமுத்தாய் சும்மா இருக்கவில்லை. "தெனமும் ஒரு கூடைப் பூவை யாருக்குக் குடுத்துட்டு வாரீங்க?" என்றாள்.

"பேப்பருக்கு."

"பேப்பர் பூ வைக்குமா?"

சோலைமுத்து காலிக் கூடையைக் கொண்டுபோய் மூலையில் கவிழ்த்தார். பதில் சொன்னால் முழுக்கதையையும் சொல்ல வேண்டும். முழுக்கதையும் அவருக்கே விளங்கவில்லை. ஆனால் ஊரில் டீக்கடையில் நாலு பேர் அவரை 'மெம்பர்' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். அதுவும் ஒரு பக்கம் இனிக்கத்தான் செய்தது.

ஈரத்தில் தாள் எப்படி நடந்துகொள்ளும் என்று பார்க்க, குழு கொடைக்கானலுக்குப் போனது. திண்டுக்கல் வெயிலில் ஈரத்தைச் சோதிக்க முடியாது என்று மேலாளர் எழுதியிருந்த குறிப்பை எவராலும் மறுக்க முடியவில்லை. அதிகாரிகளின் குடும்பங்களும் வேனில் வந்தன. வெவ்வேறு வயதினரின் கைகளில் தாள் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்று அதற்கும் ஒரு காரணம் இருந்தது. சோலைமுத்துவுக்கு ஸ்வெட்டர் கிடையாது. ஏரிக்கரையில் மூடுபனிக்கு நடுவே ஒரு கையில் மெல்லிய தாளும் மறு கையில் கனத்த தாளுமாக அவரை நிற்கவைத்துவிட்டு, மற்றவர்கள் படகில் ஏறிப் போனார்கள். திரும்பிவந்து பார்த்தபோது இரண்டு தாளும் அவரோடு சேர்ந்து நடுங்கிக்கொண்டிருந்தன. 'குளிரில் தாள் அதிர்கிறது' என்று ஸ்தனிஸ்லாஸ் எழுதிக்கொண்டார். பிறகு அந்தத் தாள்களில் மிளகாய் பஜ்ஜியை வைத்துச் சாப்பிட்டார்கள். 'எண்ணெய் உறிஞ்சும் திறன் நன்று' என்று அறிவுச்செல்வி எழுதினார். குழு தொடங்கிய நாள்முதல் இருவரும் ஒத்துக்கொண்ட முடிவு அது ஒன்றுதான்.

ஒரு தாளையாவது பிரிண்டரில் போட்டுப் பார்க்கலாமே என்று யாருக்கும் தோன்றாமல் இல்லை. சோலைமுத்துவே ஒருமுறை கேட்டார்.

"தகுந்த தாளைத்தான் அதில் போடலாம் என்பது ஆணை," என்று மேலாளர் பொறுமையாக விளக்கினார். "தகுந்த தாள் எது என்று குழு அறிக்கை கொடுத்தால்தான் தெரியும். அறிக்கையை அந்தப் பிரிண்டரில்தான் அடிக்க வேண்டும். ஆகவே முதலில் அறிக்கையை எந்தத் தாளில் அடிப்பது என்று முடிவு செய்ய ஒரு துணைக்குழு அமைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்."

ஆனி கடைசி வாரம் வந்துவிட்டது. நர்சிங் பள்ளிக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்த நாகஜோதி, வாசலில் செருப்பைக் கழற்றாமலே நின்றாள். "ஏப்பா, வெள்ளிக்கிழமைக்கு மேல முடியாதுன்னு சிஸ்டர் சொல்லிட்டாங்க. நீங்க அங்க மெம்பரா இருக்கீங்களா, வேலைக்காரரா இருக்கீங்களா? எதா இருந்தாலும் இன்னிக்குக் கேட்டுட்டு வாங்க. அந்த இடம் போச்சுன்னா என்னையும் பூப்பறிக்கத்தான் அனுப்பணும்."

அன்றைக்குக் கனம் பற்றிய வாக்கெடுப்பு. ஸ்தனிஸ்லாஸ் எண்பதுக்குக் கை தூக்கினார். அறிவுச்செல்வி எழுபதுக்குத் தூக்கினார். மேலாளர் இரு கைகளையும் மேசைக்கடியில் வைத்துக்கொண்டார். கை தூக்கினால் பொறுப்பு வந்துவிடும். எல்லாரும் சோலைமுத்துவைப் பார்த்தார்கள்.

அவர் எழுந்தார்.

"ஐயா, அம்மா, தப்பா நெனைக்காதீங்க. எந்தப் பேப்பரா இருந்தா என்ன? எழுத்துத் தெரிஞ்சாப் போதும்ங்க. எம்புள்ளைக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாளு."

டீக்கோப்பையை எடுத்த அறிவுச்செல்வி அதை அப்படியே கீழே வைத்தார். மேலாளரின் முகத்தில், இதுவரை யாரும் பார்த்திராத ஒரு கலவரம் தெரிந்தது.

"எந்தத் தாளும் போதும் என்றால் இந்தக் குழு எதற்கு?" என்றார். "இந்தக் குழு எதற்கு என்று கேட்டால், அடுத்து இந்த அலுவலகம் எதற்கு என்று கேட்பார்கள். அதற்கு அடுத்து நான் எதற்கு என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு என்ன பதில் என்று உமக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்கய்யா."

"எங்களுக்குத் தெரியும்! அதனால்தான் யாரையும் கேட்கவிடாமல் வைத்திருக்கிறோம்."

அதன்பிறகு நடந்ததெல்லாம் மின்னல் வேகத்தில் நடந்தது. கழகத்துக்கு அப்படி ஒரு வேகம் உண்டு என்பது அதில் வேலை பார்ப்பவர்களுக்கே அன்றுதான் தெரிந்தது. மதியத்துக்குள் குற்றச்சாட்டு தயாரானது. சாயங்காலம் ஜீப் சோலைமுத்துவின் தோட்டத்துக்கே வந்தது. ஸ்தனிஸ்லாஸ் சங்கிலி பிடித்து நிலத்தை அளந்தார். அறிவுச்செல்வி கிணற்றை எட்டிப் பார்த்தார், பட்டாவைப் புரட்டினார், பக்கத்துத் தோட்டத்துக்காரர்களிடம் விசாரித்தார். மேலாளர் வரப்பில் குடை பிடித்து நின்று கேள்வி கேட்டார்.

"பூ விவசாயத்தைத் தவிர உமக்கு வேறு தொழில் உண்டா?"

"இல்லைங்க."

"காகிதம், அச்சு, எழுத்து, நிர்வாகம், இதில் எதிலாவது அனுபவம்?"

"அதெல்லாம் ஒண்ணுந் தெரியாதுங்கய்யா. மல்லி, சம்பங்கி, கனகாம்பரம். அம்புட்டுத்தான்."

"பரம்பரையாகவா?"

"எங்க அப்பனும் அதுதாங்க. தாத்தனும் அதுதாங்க."

மேலாளர் எல்லாவற்றையும் திருப்தியோடு எழுதிக்கொண்டார். ஒழுங்கு நடவடிக்கைக்கு மட்டும் டைப்ரைட்டரின் அரக்கை உடைக்கலாம் என்று விதியில் இடம் இருந்தது. பீரோவுக்கடியில் கிடந்த ஒரு தாளை உருவி, தூசி தட்டி, ஆணையை அடித்தார்கள். அது என்ன தாள், எத்தனை கிராம் என்று யாரும் கேட்கவில்லை. மறுநாள் காலையிலேயே ஸ்தனிஸ்லாஸ் வீட்டுக்கு வந்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு அதைக் கொடுத்துவிட்டுப் போனார்.

சோலைமுத்து அந்தத் தாளைப் பிரித்துப் பார்க்கவே இல்லை. மடித்தபடி மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இனி டீக்கடைப் பக்கம் எந்த முகத்தோடு போவது? அது போகட்டும், பிள்ளையின் படிப்பையும் சேர்த்துக் கெடுத்தாயிற்று. "நம்ம வாய்தான் நமக்குச் சத்துரு," என்று அவர் முனகியது ராமுத்தாய்க்குக் கேட்டது. அவள் அடுப்பை விட்டு எழுந்துவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

நாகஜோதிதான் தாளை வாங்கிப் பிரித்தாள். 'உறுப்பினர் நீக்க ஆணை' என்று தொடங்கி வாசித்தாள்.

"'…மேற்படி சோலைமுத்து என்பவரின் நிலம் நேரில் அளக்கப்பட்டு, பட்டா, கிணறு, பயிர் ஆகியவை சரிபார்க்கப்பட்டு, அண்டை நிலத்தார் விசாரிக்கப்பட்டதில், அவர் பரம்பரையாகப் பூ விவசாயம் செய்பவர் என்பதும், பூ விவசாயத்தைத் தவிர வேறு எந்தத் தொழிலும் அறியாதவர் என்பதும், அவரது குடும்பம் முழுவதும் பூவை மட்டுமே நம்பி வாழ்கிறது என்பதும் எவ்வித ஐயத்துக்கும் இடமின்றி உறுதி செய்யப்பட்டுள்ளது. ஆகவே அவர் தாள் குறித்துக் கருத்துக் கூறத் தகுதியற்றவர்…'"

அவள் நிறுத்தினாள். முதலிலிருந்து மறுபடி, இந்தத் தடவை மெதுவாக, மனசுக்குள் வாசித்தாள். கீழே மாவட்ட மேலாளரின் கையெழுத்து. அதன் மேல் கழகத்தின் வட்ட முத்திரை, ஊதா மையில், ஒரு எழுத்துக்கூட அழியாமல். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டும் நிற்கவில்லை.

"எதுக்குடி சிரிக்கிற? அப்பன் மானம் போயி உக்காந்திருக்கான்," என்றார் சோலைமுத்து.

"அப்பா, சட்டையை மாட்டுங்க. பஸ்சைப் பிடிக்கணும்."

நர்சிங் பள்ளியின் தலைவி சிஸ்டர் லூர்தம்மாள் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஆணையைப் படித்தார். படிக்கப் படிக்கப் புருவம் உயர்ந்துகொண்டே போனது.

"நிலத்தையே அளந்திருக்காங்க. கிணத்தைப் பார்த்திருக்காங்க. பக்கத்துல விசாரிச்சிருக்காங்க. மத்த பிள்ளைங்கல்லாம் நாலு வரிதான் கொண்டுவருவாங்க. இம்புட்டு விவரமா அந்த ஆபீஸ்ல இதுவரைக்கும் யாருக்கும் குடுத்ததில்லையே!" பிறகு தலைப்பைப் பார்த்தார். "மேல என்னமோ நீக்கம்னு போட்டிருக்கு?"

"அப்பாவை ஒரு கமிட்டிலேர்ந்து எடுத்துட்டாங்க சிஸ்டர்."

"அது நமக்கு வேண்டாம். நடுவுல இருக்கிறது போதும்." சிஸ்டர் நாகஜோதியின் பெயருக்கு எதிரே குறியிட்டார். சோலைமுத்துவைப் பார்த்து, "உக்காருங்கய்யா, ஏன் நிக்கிறீங்க?" என்றார். "பொண்ணைத் திங்கக்கிழமை பெட்டியோட கூட்டிட்டு வாங்க. இதுல ரெண்டு ஜெராக்ஸ் மட்டும் எடுத்துக் குடுத்துட்டுப் போயிருங்க."

பள்ளிக்கு எதிரிலேயே ஜெராக்ஸ் கடை இருந்தது. சோலைமுத்து தாளை நீட்டினார். கடைக்காரர் மிஷினின் மூடியைத் தூக்கிக்கொண்டே, "எதுல போட? சாதாப் பேப்பரா, பாண்டு பேப்பரா?" என்றார்.

சோலைமுத்துவுக்கு முகம் வெளுத்தது. கை தானாகப் பின்னால் போய், உட்கார ஒரு நாற்காலியைத் தேடியது. "அதை… எப்படி நாம மட்டும்…" என்று ஏதோ சொல்ல வந்தார்.

"இருக்கிறதுல போடுங்கண்ணே," என்றாள் நாகஜோதி.

மிஷினுக்குள் பச்சை வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஓடியது. தாள் சூடாக வெளியே வந்து விழுந்தது. சோலைமுத்து அதை இரண்டு கையாலும் எடுத்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"முடிஞ்சுதா?" என்று கேட்டார்.

"முடிஞ்சுதுங்கய்யா," என்றார் கடைக்காரர், அடுத்த ஆளிடம் கையை நீட்டியபடி. "வேற என்ன இருக்கு இதுல?"